கூட்டுங்க காக்கா

கடைப் பின்கட்டில் பழைய ஹோர்ன் ஸ்பீக்கர் நாலு கிடந்தது. யூனிட் செத்துப்போன அலுமினிய ஹோர்ன்கள். ஒன்றின் விளிம்பில் லொறியிலிருந்து விழுந்த நசுங்கல் வேறு. இரும்பு விலைக்காவது போகட்டும் என்று போன மாதம் பேஸ்புக்கில் படம் போட்டேன். கொழும்பில் இருந்து ஒரு தம்பி பேசினார். கோப்பிக் கடை திறக்கிறாராம். கூரையிலிருந்து தொங்கவிட்டு உள்ளுக்குள் பல்ப் போடப் போகிறாராம். விலை படிந்தது. எங்கே வந்து எடுக்க வேண்டும் என்று கேட்டார். காத்தான்குடி, மெயின் ரோட்டில் பேரீச்ச மரம் வரிசையாக நிற்கும், தவறவே மாட்டீர்கள் என்றேன்.

"ஆ, சஹ்ரான்ட ஊர்" என்றார். குத்திக் காட்டியதாகவும் தெரியவில்லை. விலாசத்தைச் சரிபார்க்கிற மாதிரிச் சொன்னார்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை நடத்தியவர்களின் தலைவன் சஹ்ரான், மட்டக்களப்பில் எங்கள் ஊர்க்காரன். அதன் பிறகு இந்தப் பேச்சுக்குப் பழகிவிட்டேன். ஆனால் அன்றைக்கு ஹோர்னைத் தூசு தட்ட உள்ளே போனபோது அதற்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். பழைய பில் புத்தகங்கள். கார்பன் தாள் வைத்து எழுதியவை, நீல மை பூத்துப்போய்க் கிடந்தது. இரண்டு மணி நேரம் அங்கேயே குந்திவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது மைக் செட் வாடகைக் கடை. வாப்பா தொடங்கியது. ஒரு அம்ப்ளிபயர், ரெண்டு ஹோர்ன், ஒரு கார் பற்றரி, அவ்வளவுதான் முதல். ஹோர்னின் வாய்க்குள் கடைப் பெயரையும் கீழே காத்தான்குடி என்றும் வெள்ளைப் பெயின்றில் அவரே எழுதுவார். வாடகைக்குப் போன சாமான் திரும்பி வர வேண்டும் அல்லவா.

பில் புத்தகத்தைப் புரட்டினால் ஊர் எப்படி மாறியது என்று தெரியும். தொண்ணூறுகளின் பில்களில் கல்யாணம், கத்னா, கந்தூரி, மௌலூது. நடுவில் வைகாசி மாதம், பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதிப் பக்கத்துக் கோயில் சடங்குகள். கண்ணகை அம்மனுக்குக் குளுத்தி பாடுகிற இடத்தில் எங்கள் வாப்பாவின் ஹோர்ன்தான் தென்னை மரத்தில் கட்டியிருக்கும். பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று மட்டக்களப்பில் தமிழரையும் சோனகரையும், அதாவது முஸ்லிம்களான எங்களையும், சொல்வார்கள். மேடையில் சொல்லிச் சொல்லியே தேய்ந்துபோன பேச்சு. ஆனாலும் எங்கள் பில் புத்தகத்தில் பிட்டு எது தேங்காய்ப்பூ எது என்று பிரிக்க முடியாது, அது உண்மை.

பிறகு, 2000க்குப் பிந்திய புத்தகங்களில், வேறு சொற்கள் வர ஆரம்பிக்கின்றன. 'மார்க்க விளக்கப் பொதுக்கூட்டம், ஹோர்ன் 4'. அடுத்த கிழமை அதே தெருவில் 'மறுப்புப் பொதுக்கூட்டம், ஹோர்ன் 6'. அதற்கடுத்த கிழமை 'மறுப்புக்கு மறுப்பு, ஹோர்ன் 8, ஜெனரேட்டர்'. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கும் சிரித்தோம். வியாபாரம் நன்றாக இருந்தது.

எங்கள் ஊரைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் கிடக்கிற துண்டு நிலத்தில் வீட்டுக்கு மேல் வீடு. நடந்தே ஊரைச் சுற்றி வந்துவிடலாம். அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள். ஒரு பள்ளியில் பேசுவது அடுத்த பள்ளியில் தொழுகிறவன் காதில் விழாமல் போகாது. கொள்கைச் சண்டை எங்களுக்குப் புதிதும் இல்லை. தரீக்காக்காரர்களின், அதாவது சூபி வழிக்காரர்களின், ரவூப் மௌலவிக்கு எதிராக 1979இல் மௌலவிமார் சபையான ஜம்இய்யத்துல் உலமா பத்வா, மார்க்கத் தீர்ப்பு, கொடுத்தது. அப்போது நான் கைக்குழந்தை. 2004இல் இன்னொரு தரீக்காவுக்கு எதிராக ஊர் எரிந்தது. 2006 டிசம்பரில் அவர்களின் தலைவர் மௌத்தானபோது, அவரை இந்த ஊர் மண்ணில் அடக்கக்கூடாது என்று திரும்பவும் கலவரம். மையத்தை, செத்தவரின் உடலை, அடக்குகிறதில் சண்டை பிடித்த ஊர் நாங்கள். சஹ்ரான் வந்து கெடுத்தான் என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

என் வீட்டிலும் அது நடந்தது. கலவரமாக இல்லை, சமையலறைச் சண்டையாக. உம்மா வருசம் தவறாமல் நபி பிறந்த ரபீஉல் அவ்வல் மாதத்தில், நபி புகழான மௌலூது ஓதுவா. பாய் விரித்து, சாம்பிராணி போட்டு, லெப்பை நாலு பேர் உட்கார்ந்து ஓதுவார்கள். முடிந்ததும் நெய்ச்சோறு. தம்பி கட்டாரில் ஆறு வருசம் இருந்துவிட்டு வந்தான். தாடி, கரண்டைக்கு மேலே கால்சட்டை. "இது பித்அத் உம்மா, நபி காட்டித்தராதது" என்றான். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருசமும் சோறு ஆக்கினா. தம்பி சாப்பிடாமல் கடையில் பணிஸ் வாங்கித் தின்றான். அதற்கடுத்த வருசம் உம்மா பாயை விரிக்கவில்லை. மகன் சாப்பிடாத சோறு எனக்கும் வேண்டாம் என்றா. அப்புறம் மூத்தம்மாவை அடக்கிய கபுறடிக்குப் போவது நின்றது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஹழ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்குவது நின்றது. ஒவ்வொன்றாகத்தான் போனது, ஒரு நாளும் பெரிய சத்தம் வரவில்லை.

மௌலூதும் கபுறும் வேண்டாம் என்கிற இந்தப் பிரிவைத்தான் தௌஹீத் என்போம். தம்பி இன்றைக்கும் தௌஹீத்தான். எறும்புக்கும் கெடுதல் செய்யாதவன். தௌஹீத் என்றாலே குண்டு என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். அவனைப் பற்றி இன்னும் கொஞ்சம் பின்னால் வரும்.

சரி, சஹ்ரான். முன்பு பில்லில் 'சஹ்ரான் மௌலவி பேச்சு' என்று மரியாதையாக எழுதிய கை இது. இப்போது அவன் என்றுதான் வருகிறது, திருத்தப் போவதில்லை. மௌலவிப் பட்டத்தையும் அவன் முடிக்கவில்லை. வசதியில்லாத குடும்பம், ஐந்து பிள்ளைகளில் மூத்தவன். பன்னிரண்டு வயதில் ஊரில் உள்ள ஜாமிஅத்துல் பலாஹ் அரபுக் கல்லூரியில் சேர்ந்தான். குர்ஆன் மனனத்தில் கெட்டிக்காரன் என்று உஸ்தாதுமார் சொன்னார்கள். பிறகு அவர்களோடேயே தர்க்கம். நீங்கள் ஓதித் தருகிற மார்க்கம் நீர்த்துப்போனது என்கிற மாதிரி. 2005இல் கல்லூரி அவனை வெளியே அனுப்பியது. 2006இல் தாருல் அதர் பள்ளிவாசலில் சேர்ந்தான். அதுவும் தௌஹீத் பள்ளிதான். நிர்வாகத்திலும் இடம் கிடைத்தது. பெரியவர்களிடம் கேட்காமல் தன்பாட்டில் பேசினான் என்று 2009இல் மூன்று மாதம் பயான் பண்ணத் தடை போட்டார்கள். கோபித்துக்கொண்டு வெளியேறினான். 2012இல் தனக்கென்று ஒரு பள்ளி, தனக்கென்று ஒரு ஜமாஅத். பெயர் தேசிய தௌஹீத் ஜமாஅத். 'தேசிய' என்று போட்டாலும் தொடக்கத்தில் அது எங்கள் ஊரைத் தாண்டவில்லை.

தள்ளினோம், தள்ளினோம். ஒவ்வொரு தரமும், பாடு தீர்ந்தது என்று நினைத்தோம். தன்னைத் திருத்தக்கூடிய ஆள் ஒருவராவது இருக்கிற இடத்திலிருந்து, ஒருவருமே இல்லாத இடத்துக்கு அவனை நாங்களே நகர்த்திக்கொண்டிருந்தோம் என்று அப்போது யாருக்குத் தோன்றியது? எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பள்ளிகள் செய்தது பிழை என்றும் நான் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் தள்ளித்தான் இருப்பேன்.

ஒரு கூட்டம் ஞாபகம் இருக்கிறது. 2013 வாக்கில், ஒரு முச்சந்தியில். நாலைந்து பேர் பேச இருந்தார்கள், அவனும் ஒருவன். நான் மேடைக்குப் பக்கத்தில் அம்ப்ளிபயரை ஒரு மரக்கதிரையில் வைத்துக்கொண்டு இருந்தேன். மைக் செட்காரன் பேச்சைக் கேட்க மாட்டான், சத்தத்தைத்தான் கேட்பான். பேசுகிறவர்களில் மூன்று வகை. மைக்கை விட்டு விலகி விலகிப் பேசுகிறவர், அவர் பின்னாலேயே வொலியூம் குமிழைத் திருகிக்கொண்டு அலைய வேண்டும். மைக்கை வாய்க்குள் வைத்துப் பேசுகிறவர், அவரிடம் ஒவ்வொரு 'ப'வும் வெடி போல வரும். மூன்றாவது, மைக் என்றால் என்ன என்று தெரிந்தவர். சஹ்ரான் மூன்றாவது வகை. மெதுவாகத் தொடங்குவான். அரபு வசனம் ஓதி, உடனே தமிழில் பொருள். திருத்தமான தமிழ், கையில் துண்டுக் காகிதம் இல்லை. எங்கே கத்த வேண்டுமோ அங்கே அரை அடி பின்னால் போய்க் கத்துவான். மைக் கூவாது. தொழில் முறையில் எனக்கு அவனைப் பிடித்திருந்தது. மறைத்து என்ன செய்ய?

ஆனால் அன்று அவன் கத்தியது எங்களைத்தான். சிங்களவரை இல்லை, கிறிஸ்தவரை இல்லை. கபுறுக்குப் போகிறவன், மௌலூது ஓதுகிறவன், தாயத்துக் கட்டுகிறவன் எல்லாம் இஸ்லாத்துக்கு வெளியே என்கிற பேச்சு. அம்ப்ளிபயரில் சத்தத்தின் அளவைக் காட்ட ஒரு முள் இருக்கும். அது சிவப்புக்குள் போய் அங்கேயே நின்றது. ஹோர்ன் யூனிட் போய்விடும் என்ற பயத்தில் குமிழைக் கொஞ்சம் குறைத்தேன். அண்ணனை நாங்கள் காக்கா என்போம். பின்னால் நின்ற பொடியன், இருபது வயது இருக்கும், என் தோளைத் தட்டினான். "கூட்டுங்க காக்கா."

கூட்டினேன். வாடகைக்கு எடுத்தவர்கள் கேட்டால் கூட்டத்தானே வேண்டும். மௌலூது ஓதிய என் உம்மா கூப்பிடு தூரத்தில் வீட்டு முன்வாசலில் இருந்து அதைக் கேட்டிருப்பா. வீட்டுக்குப் போனபோது சோறு போட்டுத் தந்தா, ஒன்றும் கேட்கவில்லை. அன்றைய பில்லும் டின்னில் இருக்கிறது. காசு அன்றிரவே எண்ணித் தந்தார்கள். மற்றவர்கள் கிழமைக் கணக்கில் இழுத்தடிப்பார்கள். இதைச் சொல்ல இன்று கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

2014க்குப் பிறகு அவர்களின் பில் குறைகிறது. அப்புறம் இல்லவே இல்லை. கூட்டம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. கமெரா வாங்கிவிட்டார்கள். யூடியூப், பேஸ்புக். பிறகு 'அல் குரபா' என்ற பெயரில் வீடியோக்கள் வந்தன. ஹோர்னில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. கட்டிவிட்டால் பிடித்தவனும் கேட்பான், பிடிக்காதவனும் கேட்பான். பிடிக்காதவன் அடுத்த நாள் முறைப்பாடு கொடுப்பான், இல்லாவிட்டால் மறுப்புக் கூட்டம் போடுவான், ஹோர்ன் எட்டு. இயர்போனில் மறுப்புக் கூட்டம் கிடையாது. பக்கத்துப் பாயில் படுத்திருக்கிற மகன் என்ன கேட்கிறான் என்று உம்மாவுக்குத் தெரியாது.

அவன் கேட்கவைத்தவற்றுக்குத் தீனி வெளியிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 2014 ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதே மாதம்தான் ஈராக்கில் ஐ.எஸ். கிலாபத் அறிவித்தது. 2018 பெப்ரவரி 26 இரவு எங்கள் பக்கத்து மாவட்டமான அம்பாறையில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறியில் கிடந்த ஒரு கட்டியைப் பார்த்து மலட்டு மாத்திரை என்று சொல்லிக் கடையை உடைத்து, பள்ளிவாசலையும் உடைத்தார்கள். பரிசோதித்துப் பார்த்தால் மாக்கட்டி. அடுத்த மாதமே கண்டிப் பக்கம் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம். மாக்கட்டிக்காகப் பள்ளி உடைக்கிற நாட்டில், 'உனக்கு இங்கே பாதுகாப்பு இல்லை' என்று ஒருவன் போனுக்குள்ளிருந்து சொன்னால் பதினெட்டு வயசுப் பொடியனுக்கு அது ஆதாரத்தோடு வந்த பேச்சாகத்தான் இருக்கும்.

1990ஐயும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இஷாத் தொழுகை. மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் புலிகள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டார்கள். சுவரில் சன்னம் பட்ட ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வாப்பா அன்று கல்யாண வீடொன்றிலிருந்து சாமான் ஏற்றி வரப் பிந்தியதால் பள்ளிக்குப் போகவில்லை. சஹ்ரானுக்கு நாலோ ஐந்தோ வயது இருந்திருக்கும். அந்த இரவோடு வளர்ந்த பிள்ளைகள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். அதைக் கொண்டுபோய் இவனுக்குக் காரணமாக வைக்க எனக்கு மனம் வராது.

2017 மார்ச் 10. அலியார் சந்தி. அவனுடைய ஆட்கள் தரீக்காக்காரர்களின் பகுதியை ஒட்டிக் கூட்டம் வைத்தார்கள். என்னிடம் செட் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. வாய்ச்சண்டை கைகலப்பாகி, வாள் வந்தது. எங்கள் ஊரில் கொள்கைச் சண்டைக்குக் கல் வரும், தீ வரும். வாளை அன்றுதான் பார்த்தோம். ஆட்களைப் பிடித்தார்கள். அவன் தப்பினான், அதோடு தலைமறைவு. இந்த ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கினார்கள், அவனைப் பிடியுங்கள், இந்த அமைப்பைத் தடைசெய்யுங்கள் என்று. மேலே வரைக்கும் முறைப்பாடு போனது. 2018இல் பிடியாணையும் இருந்தது. 'உங்கள் ஆட்கள் ஏன் முன்னமே சொல்லவில்லை' என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் இந்தத் தேதியைத்தான் சொல்வேன். அவன் வாளால் முதலில் வெட்டியது காத்தான்குடி ஆளைத்தான்.

அப்புறம் வவுணதீவு. 2018 நவம்பர் 30, பாலத்துக்கு அந்தப் பக்கம் காவலில் இருந்த இரண்டு பொலிஸ்காரர்களைக் கொன்றார்கள். ஒரு நாளுக்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்: முன்னாள் புலி. புலிகளின் மாவீரர் தினம் முடிந்து மூன்று நாள்தானே, கணக்கு சரியாகத்தான் வந்தது. ஒரு தமிழ்க் குடும்பஸ்தரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஆரையம்பதியில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார், என்னைப் போலவே மைக் செட்காரர். தொழிலில் போட்டி, மற்றபடி ஒருவர் வயர் மற்றவரிடம் கிடக்கும். அவர் அப்போது சொன்னார், "இனி எங்கட பொடியன்மார் ரோட்டில போக ஏலாது காக்கா." நானும் தலையாட்டினேன். செய்தது எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் என்று ஏப்ரலுக்குப் பிறகு தெரியவந்தது. அந்த மனிதரை 2019 மேயில் விட்டார்கள். ஐந்து மாதம் பழைய துப்பாக்கியையே தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இடையில் மாவனெல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தார்கள், வனாத்தவில்லுவில் தென்னந்தோட்டத்துக்குள் வெடிமருந்து பிடிபட்டது. ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 11இல் சஹ்ரானின் பெயரோடு பொலிஸின் உள்கடிதம் போனது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் 16. பாலமுனைப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது. எங்கள் ஊரை ஒட்டினாற்போல இருக்கிற இடம். கடையில் அதைப் பற்றி ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் பேசியிருப்போம். அது ஒத்திகை.

ஞாயிறு காலை, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு டவுனில் சியோன் தேவாலயம், ஒன்பது மணி தாண்டி. நான் கல்லடியில் ஒரு மண்டபத்தில் செட் இறக்கிக்கொண்டிருந்தேன். மைக் சோதிக்க 'ஹலோ, ஹலோ' என்று சொல்லிக்கொண்டிருந்ததால் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. அம்புலன்ஸ் போனதுதான் கேட்டது. ஞாயிறு பாடம் முடித்துப் பிள்ளைகள் வெளியே முற்றத்தில் நின்ற நேரம். பையோடு வந்தவனை ஒருவர் உள்ளே விடாமல் தடுத்திருக்கிறார். அவரும் போனார், பதினாலு சிறுவர்களும் போனார்கள். அந்தப் பையைச் சுமந்தவன் எங்கள் ஊர்க்காரன். கொழும்பில் ஷங்ரி-லா ஹோட்டலில் சஹ்ரான் வெடித்தான். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டித் தேவாலயங்கள், மற்ற ஹோட்டல்கள் என்று அன்று நாடு முழுக்க 260 பேருக்கும் மேல் போனார்கள்.

மண்டபத்துக்காரர் கலியாணத்தை நிறுத்திவிட்டு, "காக்கா, நீங்க சாமான ஏத்திக்கிட்டு வெளிக்கிடுங்க. ரோட்ட மூட முன்ன போங்க" என்றார். அட்வான்ஸ் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்க மறந்துவிட்டேன். அடுத்த கிழமை ஞாபகம் வந்தபோது போய்க் கொடுக்கத் தைரியம் வரவில்லை, ஆறு மாதம் கழித்துத்தான் போனேன்.

தம்பியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அவன் கலியாணம் முடித்தது சாய்ந்தமருதில். எங்கள் பகுதி வழக்கப்படி பெண் வீட்டோடு போய்விட்டான். ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை இரவு போன் எடுத்தான். "காக்கா, வொலிவேரியன் கிராமத்தில புதுசா ஆக்கள் வாடகைக்கு வந்திருக்காம். ஊராக்களுக்குச் சந்தேகம் வந்து போய்க் கேட்டிருக்கானுகள். பொலிஸுக்கும் சொல்லியாச்சு." பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் பக்கத்தில் வெடிச் சத்தம். பிறகு சுடுகிற சத்தம். போனைக் காதில் வைத்தபடி தரையில் படுத்துக்கொண்டான் போல, மூச்சு மட்டும் கேட்டது. இரவு முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்தேன். விடியச் சொன்னான், அந்த வீட்டில் சஹ்ரானின் வாப்பா, உம்மா, ரெண்டு சகோதரர்கள், அவர்கள் குடும்பங்கள். பிள்ளைகளோடு சேர்த்துப் பதினைந்து பேருக்குக் குறையாது. தாங்களாகவே வெடிக்கவைத்திருக்கிறார்கள். சஹ்ரானின் மனைவியும் ஒரு பெண் பிள்ளையும் காயத்தோடு பிழைத்தார்கள்.

"அந்தப் பிள்ளைகள் என்ன செஞ்சது காக்கா" என்று தம்பி அழுதான். வாப்பா மௌத்தானபோதுகூட, மையத்துக்குப் பக்கத்தில் சத்தம் போட்டு அழக்கூடாது என்று எங்களுக்கு ஹதீஸ் சொன்னவன் அவன். அவர்களைக் காட்டிக்கொடுத்தது சாய்ந்தமருது முஸ்லிம்கள்தான். தம்பியின் பள்ளிக்காரர்களும் அதில் இருந்தார்கள். செய்தியில் அது ஒரு வரியில் முடிந்துபோனது.

பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அமைப்பைத் தடைசெய்தார்கள், முகம் மூடுவதைத் தடைசெய்தார்கள், வீடு வீடாகச் சோதனை. என் கடைக்கும் வந்தார்கள். ஸலவாத்து கசற்றுகளைத் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றாக இது என்ன இது என்ன என்று கேட்டார்கள். பில் புத்தகத்தையும் கண்டார்கள். 2013 பக்கத்தில் அந்தப் பெயர். காலையில் கூட்டிக்கொண்டு போய் மக்ரிபுக்குத்தான் விட்டார்கள். ஏன் கொடுத்தாய் என்று நாலு பேர் மாறி மாறிக் கேட்டார்கள். வாடகைக்கு என்றேன். பில் இருந்ததால் மாட்டினேன், பில் இருந்ததால்தான் தப்பினேன். அதில் வாடகை என்றுதானே எழுதியிருந்தது, நன்கொடை என்று இல்லையே. பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பித் தந்தார்கள்.

அந்த வைகாசி ஒரு சடங்குக்கும் என்னைக் கூப்பிடவில்லை. இருபது வருசமாகக் கட்டிய கோயில் ஒன்றிலிருந்து ஆள் வந்து, "இந்த முறை வேண்டாம், ஆக்கள் கதைக்கிறாங்க, குறை நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்து நேரில் சொன்னாரே, அதுவே பெரிசு. ஆரையம்பதிக் கூட்டாளிதான் அங்கே கட்டினார். அவரிடம் ஹோர்ன் போதாது. இருட்டிய பிறகு வந்து என்னிடம் நாலு எடுத்துப் போனார். பெயர் தெரியாமல் இருக்க ஹோர்னின் வாய்க்குள் வேப்பிலைக் கொத்தைச் செருகியதாகப் பிறகு சொன்னார். ரெண்டு பேரும் சிரித்தோம். வாடகையில் பாதி தந்தார்.

சியோனில் வெடித்தவனின் எச்சங்களைப் புதைக்க எங்கள் மையவாடி ஏற்காது என்று ஜம்இய்யத்துல் உலமா முன்னமே சொல்லிவிட்டது. ஓகஸ்டில் கொண்டுபோய்க் கள்ளியங்காடு இந்து மயானத்தில் புதைத்தார்கள். கள்ளியங்காட்டுச் சனம் ரோட்டில் இறங்கியது, கண்ணீர்ப்புகை அடித்தார்கள், கடைசியில் தோண்டி எடுத்தார்கள். ஆளை வைத்திருக்கவும் இடமில்லை, மண்ணில் வைக்கவும் இடமில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், எச்சரிக்கை கிடைத்தும் பேசாமல் இருந்ததற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபாலவுக்குப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது, மற்ற அதிகாரிகளுக்கும் தனித்தனியாக. பின்னால் யார் இருந்தார்கள் என்ற சண்டை டீவியிலும் பாராளுமன்றத்திலும் இன்னும் நடக்கிறது. அதைப் பெரிய ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு இந்தப் பில்தான். பின்னால் நின்று தோளைத் தட்டிய அந்தப் பொடியன் யார் என்று இன்றுவரை தெரியாது. பேப்பரில் வந்த படங்கள் எல்லாவற்றிலும் தேடிப் பார்த்தேன், ஒன்றிலும் இல்லை. இங்கேயே எங்காவது கடை வைத்துக்கொண்டு, ரெண்டு பிள்ளைகளோடு, வெள்ளிக்கிழமை என் பக்கத்து வரிசையில் தொழுகிறானாகவும் இருக்கலாம். கண்டால் எனக்கு அடையாளம் தெரியாது. அவனுக்கு என்னைத் தெரிந்திருக்கும்.

கோப்பிக் கடைத் தம்பி நேற்று வேன் கொண்டு வந்தார். நல்ல பொடியன், காத்தான்குடி அல்வா கேட்டு இரண்டு பெட்டி வாங்கினார். ஹோர்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பெயர் மட்டும் அழிச்சுத் தர ஏலுமா அண்ணே? கஸ்டமர் கேப்பாங்க, அதான்" என்றார். வாப்பாவின் எழுத்து அது. கடைப் பெயரையா ஊர்ப் பெயரையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைப் பெயர் இருந்தால் பரவாயில்லை என்றார்.

தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். மூன்று ஹோர்னில் சுத்தமாகப் போய்விட்டது. நசுங்கின ஹோர்னில் மட்டும் மடிப்புக்குள் பெயின்ற் இறங்கியிருந்தது, 'குடி' போகவில்லை. அதை அப்படியே விட்டுவிடச் சொன்னார், கோப்பிக் கடைக்குப் பொருத்தமாக இருக்குமாம்.